மேமோகிராம் படத்தில் என்ன தெரியும், என்ன தெரியாது?

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கென்றே வடிவமைத்த எக்ஸ்ரே. எக்ஸ்ரேக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எந்தப் பொருள் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பது. கொழுப்பு குறைவாகத் தடுக்கும், அதனால் படத்தில் கறுத்துத் தெரியும். பால் சுரப்பி, பால் குழாய், நார்த்திசு, நீர் இவையெல்லாம் ஓரளவு தடுக்கும், வெள்ளையாகத் தெரியும். கால்சியம் நன்றாகத் தடுக்கும், பளிச்சென்ற வெண்புள்ளியாக நிற்கும். படத்தில் இருப்பது இவ்வளவுதான்.

புற்றுநோய்க் கட்டியும் வெள்ளை, நீர்க்கட்டியும் வெள்ளை, இருபது வயதில் வரும் சாதாரண நார்க்கட்டியும் வெள்ளை. எனவே படத்தைப் பார்த்து “இது புற்றுநோய்” என்று எந்த ரேடியாலஜிஸ்டும் முடிவாக எழுத மாட்டார். வடிவம், விளிம்பு, கால்சியம் துகள்கள் பரவியிருக்கும் விதம், போன முறை எடுத்த படத்திலிருந்து ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றைப் பார்த்து, எவ்வளவு சந்தேகப்படலாம் என்றுதான் எழுதுவார். ரிப்போர்ட்டில் இருப்பது சந்தேகத்தின் அளவு என்று புரிந்துவிட்டால் பாதிப் பதற்றம் போய்விடும். தவறான நிம்மதியும் போய்விடும், அதுவும் முக்கியம்.

ஏன் அப்படி அழுத்துகிறார்கள்

மேமோகிராம் என்றதும் பெண்கள் முதலில் கேட்பது வலியைப் பற்றித்தான். அழுத்துவதற்குக் காரணம் இயற்பியல். சுரப்பித் திசுவுக்கும் புற்றுத் திசுவுக்கும் கதிரைத் தடுப்பதில் இருக்கும் வித்தியாசம் மிகச் சிறியது. நெஞ்சு எக்ஸ்ரேக்குப் பயன்படுத்தும் 100 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட கதிரில் அந்தச் சிறு வித்தியாசம் மறைந்துபோகும். அதனால் மேமோகிராமில் 25 முதல் 32 கிலோவோல்ட் அளவிலான மென்மையான கதிரைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். மென்மையான கதிர் தடித்த திசுவை ஊடுருவத் திணறும். ஆகவே மார்பகத்தைத் தட்டையாக்கியே தீர வேண்டும்.

தட்டையாக்கினால் வேறு லாபங்களும் உண்டு. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த திசுக்கள் விலகிப் பரவும். சுரப்பி மடிப்பு கட்டிபோலத் தோன்றுவதும், உண்மைக் கட்டி மடிப்புக்குள் ஒளிவதும் குறையும். அசைவு இருக்காது, கதிரின் அளவும் குறையும். அழுத்தம் சுமார் 10 முதல் 20 கிலோ எடைக்குச் சமமாக இருக்கும், சில விநாடிகள்தான் நீடிக்கும். படம் பதிவானதும் பெரும்பாலான இயந்திரங்கள் தாமாகவே தட்டை விடுவித்துவிடும். அழுத்தினால் கட்டி உடைந்து பரவும் என்ற பயம் பலருக்கு உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது.

கதிர்வீச்சு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரு மார்பகங்களுக்கும் சேர்த்து எடுக்கும் நான்கு படங்களில் உடலுக்குச் சேர்வது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அதாவது, சும்மா இருந்தாலே இரண்டு மாதத்தில் சேரக்கூடிய அளவு.

நான்கு படங்கள்

ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு படங்கள். மேலிருந்து கீழாக எடுப்பது சிசி வியூ. சாய்வாக, அக்குளையும் சேர்த்து எடுப்பது எம்எல்ஓ வியூ. ஒரே கோணத்தில் மட்டும் எடுத்தால் முன்னும் பின்னும் இருக்கும் இரண்டு திசுக்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கட்டிபோலக் காட்டும். இரண்டு கோணத்திலும் தெரிவதைத்தான் கட்டி என்று எடுத்துக்கொள்வார்கள்.

படம் சரியாக எடுக்கப்பட்டதா என்பதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். எம்எல்ஓ படத்தின் மேல் ஓரத்தில் வெள்ளை முக்கோணமாக மார்புத் தசை தெரியும். அது கீழ்நோக்கி முலைக்காம்பின் மட்டம் வரையாவது வந்திருக்க வேண்டும். பாதியிலேயே நின்றுவிட்டால், மார்பகத்தின் பின்பகுதி படத்துக்குள் வரவே இல்லை என்று பொருள். அங்கே கட்டி இருந்தால் உலகத்தின் சிறந்த ரேடியாலஜிஸ்டாலும் கண்டுபிடிக்க முடியாது. டெக்னீஷியன் மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுவாகவோ, அசைவினால் வந்த மங்கலாகவோதான் இருக்கும். “ஏதோ பார்த்துவிட்டார்கள்” என்று அங்கேயே நடுங்க வேண்டாம்.

தயாரிப்பு எளிது. மாதவிலக்கு நிற்காத பெண்கள், விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணி 7 முதல் 14 நாளுக்குள் எடுத்துக்கொண்டால் மார்பகத்தில் வீக்கமும் வலியும் குறைவாக இருக்கும். இது வழக்கமான பரிசோதனைக்கு மட்டும். கையில் கட்டி தட்டுப்பட்டிருந்தால் நாள் பார்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அன்று காலை குளித்தபின் அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரண்ட், களிம்பு எதுவும் பூச வேண்டாம். டியோடரண்டில் இருக்கும் அலுமினியமும் பவுடரில் இருக்கும் தாதுத்தூளும் தோல் மடிப்பில் தங்கி, படத்தில் கால்சியம் துகள்களைப்போலவே தெரியும். மறந்து பூசிவிட்டால் ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தால் போதும். கழுத்துச் சங்கிலி படத்துக்குள் விழக் கூடாது. தாலியைக் கழற்ற விருப்பமில்லை என்றால் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். அவிழ்ந்து முன்னால் விழும் கூந்தலும் தொல்லை தரும், கொண்டை போட்டுக்கொள்வது நல்லது. பால் கொடுக்கும் தாய் என்றால் எடுப்பதற்குச் சற்று முன் குழந்தைக்குப் பால் கொடுத்துவிடவோ பீய்ச்சிவிடவோ வேண்டும். கர்ப்பமாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் இருந்தால் அதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பழைய படங்களைக் கொண்டுபோவது. நம் வீடுகளில் ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துவார்கள், படத்தை எங்காவது வைத்துத் தொலைத்துவிடுவார்கள். ரேடியாலஜிஸ்டுக்குத் தேவை படம். ஐந்து ஆண்டுகளாக அப்படியே இருக்கும் ஒரு வெள்ளைத் திட்டும், போன ஆண்டு இல்லாமல் இந்த ஆண்டு வந்த ஒரு வெள்ளைத் திட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம். முன்னதை விட்டுவிடலாம், பின்னதை விடக் கூடாது. ஃபிலிமோடு சேர்த்து, டைகாம் என்ற மருத்துவப் படங்களுக்கான கணினிக் கோப்பு வடிவில் சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபிலிமில் பெரிதாக்கிப் பார்க்க முடியாது, டைகாமில் முடியும்.

ஏ, பி, சி, டி

ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் மார்பக அடர்த்தி பற்றி ஒரு வரி இருக்கும். ஏ என்றால் கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு. பி என்றால் அங்கங்கே சுரப்பித் திசு. சி என்றால் பல இடங்களில் அடர்த்தி. டி என்றால் மிக அடர்த்தி. பத்துப் பெண்களை எடுத்துக்கொண்டால் ஏ-யில் ஒருவர், பி-யில் நால்வர், சி-யில் நால்வர், டி-யில் ஒருவர் என்பது அமெரிக்கப் பெண்களிடம் கண்ட தோராயமான பங்கு. வயது குறையக் குறைய அடர்த்தி கூடும்.

அடர்த்தி ஒரு நோயல்ல. தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. கெட்டியாக இருக்கும் மார்பகம் படத்தில் கொழுப்பாகவும், மென்மையானது அடர்த்தியாகவும் இருப்பதுண்டு. சிக்கல் படத்தைப் படிப்பதில்தான் வருகிறது. கறுத்த கொழுப்பின் நடுவே 6 மி.மீ. வெள்ளைக் கட்டி பளிச்சென்று தெரிந்துவிடும். வெள்ளையான சுரப்பியின் நடுவே அதே கட்டியைத் தேடுவது அரிசியில் வெள்ளைக் கல் பொறுக்குவது போலத்தான். கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் ஒன்றிரண்டு தப்பும். இது தவிர, அடர்த்தி அதிகமுள்ளவர்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பே சற்றுக் கூடுதல்.

அதனால்தான் அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 10 முதல், மேமோகிராம் எடுக்கும் ஒவ்வொரு மையமும் அடர்த்தி உண்டா இல்லையா என்பதைப் பெண்ணுக்கே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். சி அல்லது டி என்று வந்தவர்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி: “கூடவே அல்ட்ராசவுண்ட் செய்யலாமா?” அல்லது “டோமோசிந்தெசிஸ் வசதி இருக்கிறதா?” டோமோசிந்தெசிஸ் என்பது பேச்சுவழக்கில் 3டி மேமோகிராம். எக்ஸ்ரே குழாய் ஒரு வில்போல நகர்ந்து பல கோணங்களில் படம் எடுக்கும், அவற்றைக் கணினி மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும். மேலும் கீழும் உள்ள திசு மறைக்கும் தொல்லை இதில் குறைவு.

கட்டியின் விளிம்பு பேசும்

கட்டி எவ்வளவு பெரியது என்பதுதான் நோயாளிகள் முதலில் பார்ப்பது. ரேடியாலஜிஸ்ட் முதலில் பார்ப்பது விளிம்பை.

முட்டை வடிவில், கோடு போட்டதுபோலத் தெளிவான விளிம்போடு இருந்தால் நார்க்கட்டியாகவோ நீர்க்கட்டியாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் “சர்க்கம்ஸ்கிரைப்ட்” என்று எழுதியிருக்கும். இவை இரண்டில் எது என்று மேமோகிராமால் சொல்ல முடியாது. உள்ளே நீரா திசுவா என்பதை அல்ட்ராசவுண்ட்தான் ஒரு நிமிடத்தில் சொல்லும். கட்டிக்குள் கொழுப்பு இருப்பது படத்தில் தெரிந்தால் அது கிட்டத்தட்ட எப்போதும் சாதுவானது. கொழுப்புக்கட்டி, அடிபட்ட இடத்தில் உருவாகும் எண்ணெய்க்கட்டி, பால்கட்டி எல்லாம் இந்த வகை.

விளிம்பிலிருந்து நாலாபக்கமும் முள்முள்ளாகக் கோடுகள் கிளம்பினால் அது வேறு கதை. “ஸ்பிகுலேட்டட்” என்று எழுதுவார்கள். புற்று சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவுவதாலும், அங்கே நார்த்திசு உருவாகிச் சுருங்கி இழுப்பதாலும் வருவது இது. பழைய அறுவை சிகிச்சைத் தழும்பும் இப்படித் தெரியக்கூடும் என்பதால்தான், முன்பு ஆபரேஷன் ஏதாவது நடந்ததா என்று வாசலிலேயே கேட்கிறார்கள். அற்பம் என்று நினைத்து மறைக்காதீர்கள். விளிம்பு மங்கலாக இருப்பதும், சின்னச் சின்ன மேடுகளாக இருப்பதும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும்.

சில நேரம் கட்டியே தெரியாது, திசுக்களின் கோடுகள் மட்டும் ஒரு புள்ளியை நோக்கி இழுபட்டிருக்கும். இதை “ஆர்க்கிடெக்சரல் டிஸ்டார்ஷன்” என்பார்கள். எளிதில் கண்ணுக்குத் தப்பும். பழைய அறுவை எதுவும் இல்லாத இடத்தில் இது இருந்தால் அலட்சியம் கூடாது.

இடத்தைச் சொல்ல ரிப்போர்ட்டில் கடிகார முறை இருக்கும். டாக்டர் உங்களுக்கு எதிரே நின்று பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது மார்பில் 10 மணி, இடது மார்பில் 2 மணி இரண்டுமே அக்குளை ஒட்டிய மேல் வெளிப்பகுதி. சுரப்பித் திசு அங்கேதான் அதிகம், புற்றுநோயும் அங்கேதான் அதிகம் வருகிறது. “10 மணி, நிப்பிளிலிருந்து 4 செ.மீ., 9 மி.மீ., இர்ரெகுலர், ஸ்பிகுலேட்டட்” என்ற ஒரு வரியை இப்போது உங்களால் படிக்க முடியும் (இர்ரெகுலர் என்றால் ஒழுங்கற்ற வடிவம்). 9 மி.மீ. என்பதில் ஆறுதல் தேடாமல், கடைசி இரண்டு சொற்களுக்காக உடனே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

வெண்புள்ளிகள்

மேமோகிராமுக்கு இணையில்லாத இடம் இது. 0.5 மி.மீ.க்கும் சிறிய கால்சியம் துகள்களை அது காட்டிவிடும். கைக்குத் தட்டுப்படாது, அல்ட்ராசவுண்டிலும் பல நேரம் தெரியாது. பெர்லினில் அறுவை மருத்துவராக இருந்த ஆல்பர்ட் சாலமன், அகற்றப்பட்ட சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்து 1913-ல் எழுதியபோதே இந்தப் புள்ளிகளைக் கவனித்திருந்தார்.

“கால்சிஃபிகேஷன்” என்ற சொல்லைப் பார்த்ததும் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு, பால் குடிப்பதை விட்டவர்களும் உண்டு. இரண்டும் தேவையில்லை. சாப்பிடும் கால்சியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பெரும்பாலான துகள்கள் ஆபத்தில்லாதவை, அவற்றின் உருவமே அதைச் சொல்லிவிடும். மாதவிலக்கு நின்றபின் பழைய நார்க்கட்டி சுருங்கி, உள்ளே கால்சியம் படிந்து கரடுமுரடாக நிற்கும். இதற்குப் பாப்கார்ன் வகை என்றே பெயர். அறுபதைத் தாண்டியவர்களிடம் பால் குழாய்களுக்குள் தடித்த குச்சிகளாக, முலைக்காம்பை நோக்கி வரிசையாகப் படிந்திருப்பது இன்னொரு வகை. நடுவில் கறுப்பும் சுற்றிலும் வெள்ளையுமான சிறு வளையங்கள் தோலில் இருப்பவை.

நுண்ணிய நீர்ப்பைகளின் அடியில் கால்சியம் வண்டலாகத் தங்குவது சுவாரஸ்யமானது. மேலிருந்து எடுத்த படத்தில் மங்கிய வட்டப் புள்ளியாகத் தெரியும். நேர் பக்கவாட்டில் எடுத்தால் அதே புள்ளி அடிப்பக்கம் வளைந்த பிறையாக மாறிவிடும், ஏனென்றால் வண்டல் புவியீர்ப்பால் அடியில் போய்த் தங்குகிறது. கோணம் மாறும்போது உருவமும் இப்படி மாறினால் கவலையில்லை என்று எழுதி முடித்துவிடலாம். “இன்னொரு கோணத்தில் எடுக்க வாருங்கள்” என்று கூப்பிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரத்தக் குழாய்ச் சுவரில் இரட்டைக் கோடாகப் படியும் கால்சியம் மார்பகத்துக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் இதய நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் ரிப்போர்ட்டில் “வாஸ்குலர் கால்சிஃபிகேஷன்” என்று இருந்தால், அதை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

சந்தேகத்துக்குரியவை பொடியாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல், ஒரே இடத்தில் கூட்டமாக இருக்கும். அதிலும் மோசமானது மெல்லிய கோடுகளாகக் கிளைபிரிந்து ஓடுவது, “ஃபைன் லீனியர் பிராஞ்சிங்” என்று எழுதுவார்கள். பால் குழாய்க்குள்ளேயே பெருகும் புற்றணுக்கள் நடுவில் செத்து, அந்தக் கழிவில் கால்சியம் படிகிறது. குழாய் எப்படிக் கிளை பிரிகிறதோ அதே உருவத்தைத் துகள்களும் எடுக்கின்றன. இப்படித் தெரிபவற்றில் சுமார் 70 சதவீதம் பயாப்ஸியில், அதாவது திசுத் துண்டை எடுத்துச் சோதிக்கும்போது, புற்றாகவே முடிகிறது. குழாயைத் தாண்டாத இந்தக் கட்டத்துக்கு டிசிஐஎஸ் என்று பெயர். கட்டியாகக் கைக்கு வருவதற்கு முன்பே பிடிபடுவது பெரும்பாலும் இந்தத் துகள்களால்தான்.

பரவியிருக்கும் விதமும் முக்கியம். இரு மார்பகங்களிலும் அங்கங்கே சிதறியிருந்தால் நல்லது. ஒரு கோட்டிலோ, முலைக்காம்பை நோக்கிக் குறுகும் ஒரு முக்கோணப் பகுதியிலோ அடங்கியிருந்தால் அது ஒரே குழாய்க் கிளையைப் பின்பற்றுகிறது என்று பொருள்.

கட்டியும் துகளும் தவிரப் பார்ப்பவை: இரு பக்கமும் ஒப்பிட்டு ஒரு பக்கம் மட்டும் அதிகமான வெண்மை, உள்ளிழுத்த முலைக்காம்பு, அக்குள் நெறிகள், தோல் தடிப்பு. தோல் ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால் கவனம் தேவை. இரண்டு பக்கமும் தடித்திருந்தால் இதயமோ சிறுநீரகமோ காரணமாக இருக்கலாம். அக்குள் நெறி நடுவில் கொழுப்போடு அவரை விதை வடிவில் இருப்பது இயல்பு. கொழுப்பு மறைந்து உருண்டு வெளுத்திருந்தால் விசாரிக்க வேண்டும், அப்போதும் புற்று மட்டுமே காரணம் இல்லை. டிபியாலும் நெறி பெரிதாகும்.

கடைசி வரியில் இருக்கும் எண்

ரிப்போர்ட் முடியும் இடத்தில் “பை-ராட்ஸ்” என்று போட்டு 0 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 1993-ல் கொண்டுவந்த முறை இது. இது புற்றுநோயின் ஸ்டேஜ் அல்ல. பை-ராட்ஸ் 4-ஐ நான்காம் ஸ்டேஜ் என்று நினைத்து வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டு வருவது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

0 என்றால் “இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது”. இன்னொரு கோணமோ, அல்ட்ராசவுண்டோ, பழைய படமோ தேவை. 0 வந்துவிட்டது, ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட்டை மடித்து வைப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. 1 என்றால் குறிப்பிடும்படி எதுவுமில்லை. 2 என்றால் ஏதோ இருக்கிறது, ஆனால் நிச்சயம் ஆபத்தில்லாதது. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை, எனவே ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். இந்த 3-ல் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. நீங்கள் திரும்பி வருவீர்கள் என்ற நம்பிக்கையில்தான் ஊசியால் திசு எடுக்காமல் விடுகிறார்கள். பொதுவாக 6, 12, 24 மாதங்களில் பார்த்து, மாறாமல் இருந்தால் 2 என்று மாற்றுவார்கள். வர முடியாத சூழல் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பயாப்ஸி செய்து அப்போதே முடித்துக்கொள்ளலாம்.

4 என்றால் பயாப்ஸி தேவை. ஆனால் 4-க்குள் இருக்கும் தூரம் மிகப் பெரியது. புற்றாக இருக்கும் வாய்ப்பு 4ஏ-யில் 2 முதல் 10 சதவீதம், 4பி 10 முதல் 50, 4சி 50 முதல் 95. வெறும் 4 என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த எழுத்து என்று கேட்பது உங்கள் உரிமை. 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. 6 என்பது ஏற்கெனவே பயாப்ஸியில் உறுதியானவர்களுக்கு.

தப்புவதும், வீணாகப் பயமுறுத்துவதும்

அமெரிக்காவில் பெரிய அளவில் திரட்டி 2017-ல் வெளியான கணக்கு இது. எந்த அறிகுறியும் இல்லாமல் வழக்கமான பரிசோதனைக்கு வந்த பெண்களில் ஆயிரத்துக்குச் சுமார் 116 பேரை மறுபடி கூப்பிட்டார்கள். புற்று கண்டறியப்பட்டது சுமார் ஐந்து பேருக்கு. கூப்பிட்டவுடன் இடிந்துபோக வேண்டியதில்லை என்பதற்கு இந்த எண்கள் போதும். மறுபக்கமும் உண்டு. புற்று இருந்தவர்களில் நூற்றுக்கு 13 பேரை மேமோகிராம் தவறவிட்டது. பால் சுரப்பியில் தொடங்கும் லோபுலர் வகைப் புற்று இதில் குறிப்பாகக் கில்லாடி. அதன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஊர்ந்து பரவுவதால், கட்டியாகத் திரளாமல் படத்தில் வெறும் திசுபோலவே தெரியும்.

இதிலிருந்து எழும் விதி ஒன்று உண்டு: கையில் கட்டி தட்டுப்படுகிறது, மேமோகிராம் பை-ராட்ஸ் 1 என்கிறது என்றால், கட்டியைத்தான் நம்ப வேண்டும். அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் பயாப்ஸியும் செய்தாக வேண்டும். முலைக்காம்பிலிருந்து தானாக ரத்தம் கசிவது, தோல் ஆரஞ்சுத் தோல்போல் குழிகுழியாவது, புதிதாகக் காம்பு உள்ளிழுப்பது ஆகியவற்றுக்கும் இதே விதி. வெறும் வலி மட்டும் என்றால், அதுவும் இரு பக்கமும் மாதவிலக்கையொட்டி வந்து போனால், புற்று காரணமாக இருப்பது அரிது.

மூன்றாவதாக ஒரு சங்கடம் உண்டு. விட்டிருந்தால் வாழ்நாள் முழுதும் தொல்லையே தந்திருக்காத புற்றையும் மேமோகிராம் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்தபின் எது வளரும், எது வளராது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லாததால் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 2012-ல் ஒரு தனிக்குழு கணக்குப் போட்டது: பரிசோதனையால் ஓர் உயிர் காப்பாற்றப்படும்போது சுமார் மூன்று பேர் இப்படித் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாகிறார்கள். இதைச் சொன்னால் பெண்கள் வராமல் போய்விடுவார்கள் என்று மறைப்பதைவிட, சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுவதே நேர்மை.

யாருக்கு, எப்போது

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2024-ல் சொன்னது: 40 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. உலக சுகாதார நிறுவனம் வசதியுள்ள நாடுகளுக்குச் சொல்வது 50 முதல் 69 வரை. இந்தியாவில் எல்லோருக்கும் மேமோகிராம் என்று அரசுத் திட்டம் எதுவும் இல்லை. 30 வயது தாண்டிய பெண்களுக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனைதான் திட்டத்தில் இருக்கிறது. இதை இரண்டாந்தரம் என்று நினைக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மையம் ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்தக் கைப்பரிசோதனை மார்பகப் புற்று மரணங்களைச் சுமார் 30 சதவீதம் குறைத்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை.

இந்தியப் பெண்களுக்கு மேலைநாட்டவரைவிடச் சுமார் பத்தாண்டு முன்னதாகவே இந்த நோய் வருகிறது. அந்த வயதில் அடர்த்தியும் அதிகம். முப்பது வயதுப் பெண்ணுக்குக் கட்டி என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட் என்பதற்குக் காரணம் இதுதான். அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை என்று ரத்த உறவில் பலருக்கு வந்திருந்தால், அல்லது மார்பகப் புற்றின் வாய்ப்பைக் கூட்டும் பிராகா மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தால், கணக்கே வேறு. எம்ஆர்ஐ சேரும், பரிசோதனை சிறுவயதிலேயே தொடங்கும். அப்பா வழி உறவையும் கணக்கில் சேருங்கள், மரபணு அந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

படத்துக்குப் பிறகு ஊசி

4, 5 என்று வந்தவர்களுக்குச் சந்தேகத்தை முடித்துவைப்பது கோர் பயாப்ஸி. மரத்துப்போகும் ஊசி போட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே, பெரும்பாலும் 14 கேஜ் ஊசியால் சில துண்டுகள் எடுப்பார்கள். துகள்கள் மட்டும் தெரிந்தால் மேமோகிராம் இயந்திரத்தின் உதவியோடு எடுப்பார்கள். எடுத்த துண்டுகளையே எக்ஸ்ரே எடுத்து, உள்ளே கால்சியம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வரவில்லை என்றால் குறி தவறிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியால் அணுக்களை மட்டும் உறிஞ்சும் எஃப்என்ஏசி மலிவு, ஆனால் புற்று குழாய்க்குள் இருக்கிறதா வெளியே பரவிவிட்டதா என்பதை அது சொல்லாது. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று சொல்லி நாள் கடத்துபவர்கள்தான் உண்மையில் அது பரவ அவகாசம் கொடுக்கிறார்கள்.

முடிவு வந்ததும் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பை-ராட்ஸ் 3 அல்லது 4ஏ, பயாப்ஸியில் நார்க்கட்டி என்றால் பொருந்துகிறது. பை-ராட்ஸ் 5, முள்முள்ளான கட்டி, பயாப்ஸியில் “சாதாரணத் திசு” என்றால் பொருந்தவில்லை. ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போகாமல், “படமும் பயாப்ஸியும் ஒத்துப்போகிறதா டாக்டர்?” என்று கேளுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி ஊசியோ, சிறு அறுவையோ செய்து அந்த இடத்துத் திசுவை எடுத்தே பார்க்க வேண்டும்.